பாரா, எக், காலன்ஸே: ஒரு வாரம் காட்டேஜ் எடுக்க எந்தத் தீவு?

ஸ்காட்லாந்துல ஏதாவது ஒரு தீவுல ஒரு வாரம் காட்டேஜ் எடுத்து நாமளே சமைச்சு சாப்ட்டு இருக்கலாம்னு பேச்சு வந்தா போதும், அடுத்த நிமிஷமே வாட்ஸ்அப் குரூப்ல போட்டோ கொட்ட ஆரம்பிச்சுடும். வெள்ளைச் சுவரு, சின்ன ஜன்னல், வெளிய கடல், உள்ள கண்ணாடிக் கதவு போட்ட விறகு ஸ்டவ், சோஃபா மேல ஒரு கம்பளி. பத்து வீடு பாத்தப்புறம் எது எந்தத் தீவுன்னே ஞாபகம் இருக்காது, எல்லாமே நல்லாத்தான் இருக்கு. அதனாலதான் சொல்றேன், வீட்டப் பாத்து தீவ முடிவு பண்ணாதீங்க. எப்படிப் போறது, ஒரு வழி அடைச்சா வேற வழி இருக்கா, போன எடத்துல கடை என்ன இருக்கு, இத முதல்ல பாருங்க, வீடு தானா அமையும்.

எங்க நிலவரம் என்னன்னா, கிளாஸ்கோல இருக்குற ரெண்டு குடும்பம், நண்டும் சிண்டுமா பிள்ளைங்க, கோடைக்கு ஊர்லருந்து வர்ற அம்மா, மொத்தம் எட்டு பேரு. அம்மா சுத்த சைவம், முட்டி வலி, பிரஷருக்கு மாத்திரை. எனக்கு ரொம்ப நாளா எக் மேல ஆசை, என் வீட்டுக்காரருக்கு காலன்ஸே, கூட வர்ற குடும்பத்துக்கு பாரா. ஹாரிஸும் பாப்பா வெஸ்ட்ரேயும் லிஸ்ட்ல இருந்துச்சு, அத சீக்கிரமே அடிச்சுட்டோம், ஏன்னு சொல்லிடுறேன்.

ஹாரிஸ்ல லஸ்கென்டயர் பீச் இருக்கே, அத போட்டோல பாத்தவங்க மாலத்தீவுன்னே நெனச்சுப்பாங்க, தண்ணில கால வெச்சாத்தான் எந்த ஊருன்னு தெரியும். ஆனா ஹாரிஸ் தனித் தீவு இல்ல, லூயிஸும் அதுவும் ஒரே நிலம், கார்ல நாள் முழுக்க சுத்துற அளவுக்கு பெருசு. அப்புறம் ஞாயித்துக்கெழமை. அந்தப் பக்கம் பிரஸ்பிட்டேரியன் சர்ச் ரொம்ப கட்டுப்பாடு, ஞாயிறு ஓய்வு நாள்னா நெஜமாவே ஓய்வு நாள். லூயிஸ்ல இருக்குற துறைமுக ஊரு ஸ்டோர்னவேலருந்து ஞாயிறு கப்பல் ஓட ஆரம்பிச்சதே 2009லதான், அங்க இருக்குற டெஸ்கோ சூப்பர்மார்க்கெட் ஞாயிறு கதவத் தொறந்தது 2024 நவம்பர்ல. காட்டேஜ் எல்லாம் பெரும்பாலும் சனிக்கெழமை டு சனிக்கெழமை, அதனால சனி சாயங்காலம் போய் எறங்கி மறுநாள் காலைல பால் வாங்கிக்கலாம்னு நெனக்கிறவங்களுக்கு ஹாரிஸ் சரிப்படாது. அவங்க வழக்கம், அதுல நான் ஒண்ணும் குறை சொல்லல, முன்னாடியே தெரிஞ்சுட்டுப் போகணும் அவ்ளோதான்.

பாப்பா வெஸ்ட்ரே, ஸ்காட்லாந்துக்கு வடக்குல இருக்குற ஆர்க்னி தீவுக் கூட்டத்த சேந்தது. பக்கத்துத் தீவு வெஸ்ட்ரேலருந்து அங்க போற ஃபிளைட் உலகத்துலயே தூரம் கம்மியான ஷெட்யூல் ஃபிளைட், 2.7 கிலோமீட்டர், ரெண்டு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சுடும். நாப் ஆஃப் ஹவர்னு ஒரு கல் வீடு இருக்கு, கிமு 3700 வாக்குல கட்டுனது, எகிப்து பிரமிடுக்கெல்லாம் முந்தினது, சுவரு இன்னும் நிக்குது. பிள்ளைங்களுக்கு காட்டணும்னு ஆசைதான். ஆனா கிளாஸ்கோலருந்து வடக்குக் கோடி வரைக்கும் ஓட்டி, பெரிய கப்பல் ஏறி, கர்க்வால் போய், அங்கருந்து சின்னக் கப்பலோ ஃபிளைட்டோ பிடிச்சு... போக வரவே வாரத்துல ஒரு பங்கு போயிடும். அம்மாவோட முட்டியும் அதுக்கு ஒத்துக்காது.

ஆக மிச்சம் மூணு. மூணுமே மேற்குக் கரை ஹெப்ரிடீஸ் தீவுங்க, மூணுக்கும் கால்மாக்ங்கற கம்பெனியோட கப்பல் போகுது.

எக்லருந்து ஆரம்பிக்கிறேன், அது என் ஆசைங்கறதால. அது ஒரு காலத்துல ஒரே முதலாளி கைல இருந்த தீவு, முதலாளி மாறி மாறி வந்து ஜனங்க நொந்து போய், கடைசில 1997 ஜூன் 12 அன்னைக்கு ஊரு சேந்து தீவையே வாங்கிட்டாங்க, 15 லட்சம் பவுண்டுக்கு. அதுல பெரும் பங்கு பேர் சொல்லாத ஒரு அம்மா குடுத்தது. ஆள் தொகை நூத்துச்சொச்சம்தான். நாட்டோட கரண்ட் லைன் அங்க போகல, 2008 வரைக்கும் பெரும்பாலான வீட்ல டீசல் ஜெனரேட்டர்தான், அதுக்கப்புறம் தண்ணி, காத்து, வெயில் மூணுலருந்தும் கரண்ட் எடுத்து தீவுக்குன்னே ஒரு கிரிட் போட்டுக்கிட்டாங்க. இது வரைக்கும் கேக்கவே நல்லா இருக்குல்ல, இப்ப சமையக்கட்டுக்கு வாங்க. ஒரு வீட்டுக்கு ஒரே நேரத்துல 5 கிலோவாட்தான். அதுக்கு மேல இழுத்தா கட் ஆயிடும். இந்த ஊரு கெட்டில் ஒண்ணே 3 கிலோவாட் வரைக்கும் இழுக்கும், கூட ஒரு கரண்ட் அடுப்பு, ஒரு மிக்ஸி, யாரோ ஹேர் ட்ரையர் போட்டாங்கன்னா முடிஞ்சுது. ஊர்க்காரங்க இத மனசுல வெச்சே வாழப் பழகிட்டாங்க, ஒண்ண அணைச்சுட்டு ஒண்ணப் போடுவாங்க. ரெண்டு பேரு போனா இதுல ஒரு கஷ்டமும் இல்ல, சொல்லப்போனா சுவாரசியமா கூட இருக்கும். எட்டு பேருக்கு காலைல இட்லி, சட்னி, டீ, பிள்ளைங்களுக்கு பால்னு போறப்பதான் ஒவ்வொண்ணுக்கும் வரிசைல நிக்கணும். எக்ல வீடு பாக்குறவங்க ஓனர்கிட்ட முதல்ல கேக்க வேண்டியது கடல் தெரியுமான்னு இல்ல, அடுப்பு சிலிண்டர் காஸா கரண்டான்னு.

அடுத்தது, எக்குக்கு வெளியாள் கார் கொண்டு போக முடியாது. மாலேக்ங்கற துறைமுகத்துலருந்து கால்மாக் கப்பல், கோடைல ஆரிசேக்லருந்து தனியார் போட்டு, ரெண்டுக்குமே ஆளா ஏறிக்க வேண்டியதுதான். எந்த நாள் எத்தனை மணிக்குன்னு நாளுக்கு நாள் மாறும், அதனால வீடு மாத்துற நாளும் கப்பல் நாளும் ஒத்துப்போகுதான்னு பாக்கணும். கடை, கஃபே எல்லாம் கால்மிஸ்டேல்ல, கப்பல் எறங்குற எடத்துலயே இருக்கு, ஆனா அழகான பீச்சு, சூரியன் மறையிறப்ப ரம் தீவு மலை தெரியிற வீடுங்க எல்லாம் க்ளீடேல்ங்கற வடக்குப் பக்கம், அஞ்சாறு கிலோமீட்டர். டாக்ஸி முன்னாடியே சொல்லி வெக்கணும், சைக்கிள் வாடகைக்கு கெடைக்கும். கார் இல்லாதவங்களுக்கு எக்தான் முதல் சாய்ஸ், இதுல எனக்கு சந்தேகமே இல்ல, ஏன்னா கிளாஸ்கோலருந்து மாலேக் போற ரயில் இருக்கு பாருங்க, அஞ்சு மணி நேரத்துக்கு மேல, கிளென்ஃபின்னன் பாலத்து மேல போகும், அந்தப் பயணமே பாதி லீவு. கப்பல்லருந்து எறங்குனதும் தலைக்கு மேல 393 மீட்டர் உயர அன் ஸ்கர் பாறை செங்குத்தா நிக்கும், ஒரு தெம்பு இருந்தா மேல ஏறிடலாம். எட்டு பேருக்கான அரிசி மூட்டை, குக்கர், அம்மாவோட பெட்டி, இதெல்லாம் கைல தூக்கிக்கிட்டு கப்பல் ஏறி எறங்குறத நெனச்சுப் பாத்தேன். என் ஆசைய அடுத்த வருஷத்துக்குத் தள்ளி வெச்சேன்.

காலன்ஸே. மேற்குக் கரைல ஓபன்ங்கற (Oban) துறைமுக ஊர்லருந்து ரெண்டேகால், ரெண்டரை மணி நேரம், கார் போகும். இங்கயும் நூத்துச்சொச்சம் பேருதான், ஒரு கடை, ஒரு ஹோட்டல், ஒரு குட்டி பியர் ஃபேக்டரி, கிலோரன் பே-ன்னு ஒரு பீச்சு. தெக்குக் கோடில ஆரன்ஸேன்னு ஒட்டுத் தீவு, கடல் வத்துறப்ப மணல்ல நடந்தே போயிடலாம், அங்க 14ஆம் நூற்றாண்டு மடம் ஒண்ணு இடிஞ்ச நிலைல இருக்கு, பக்கத்துல பெரிய கல் சிலுவை. டைம் பாத்து திரும்பலன்னா அடுத்த வத்துக்கு வரைக்கும் அங்கயே உக்காந்திருக்க வேண்டியதுதான், அதனால அன்னைக்கு கடல் எப்ப ஏறும், எப்ப வத்தும்னு போட்டிருக்குற டைட் டேபிள் பாக்காம கெளம்பக் கூடாது. இன்னொண்ணு, பிரிட்டன்ல கலப்பில்லாத கறுப்புத் தேனீ வாழுற எடம் இது, வேற தேனீ கொண்டு வரக்கூடாதுன்னு 2014லருந்து சட்டமே இருக்கு.

சும்மா இருக்கணும், புத்தகம் படிக்கணும், யாரும் கூப்பிடக் கூடாதுன்னு நெனக்கிறவங்களுக்கு மூணுல இதுதான் பெஸ்ட். என் வீட்டுக்காரர் அந்த ரகம். ஆனா முக்கியமான வழி ஒண்ணே ஒண்ணுதான், ஓபன். குட்டி ஃபிளைட் இருக்கு, வாரத்துல சில நாள் இஸ்லே பக்கமும் கப்பல் உண்டு, இருந்தாலும் காரோட மாட்டுனா அடுத்த கப்பல் வர்ற வரைக்கும் காத்திருக்கணும். ஆஸ்பத்திரி கெடையாது, எக்லயும் கெடையாது. அம்மா இல்லன்னா இதப் பத்தி யோசிச்சிருக்கவே மாட்டோம். வயசானவங்கள கூட்டிட்டுப் போறப்ப ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சு கரிச்சா என்ன பண்றதுங்கறத பகல்லயே யோசிச்சுடணும்.

இப்ப பாரா. இதுக்கு நான் பெருசா ஆர்வம் காட்டல முதல்ல, ஓபன்லருந்து நாலே முக்கால் மணி நேரம் கப்பல்னதும் பயந்துட்டேன். முதல் கொஞ்ச தூரம் மல் தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவுல அமைதியா போகும், அதத் தாண்டி திறந்த கடல் வந்ததும்தான் ஆட்டம். வாந்தி வர்ற பிள்ளைங்களுக்கு முதல் மணி நேரத்துலயே மாத்திரை குடுத்துடணும், ஆடுனப்புறம் குடுத்தா பிரயோஜனம் இல்ல. ஆனா பாராவுக்கு இன்னொரு வழி இருக்கு, அதுதான் எங்க கணக்கையே மாத்துச்சு. கிளாஸ்கோ ஏர்போர்ட்லருந்து ட்வின் ஆட்டர்ங்கற ரகத்துக் குட்டி ஃபிளைட், ஒரு மணி பத்து நிமிஷத்துல பாரா, எறங்குறது ட்ராய் வோர் பீச்சுல. ரன்வேன்னு தார் ரோடு கெடையாது, கடல் வத்துனப்புறம் மணல்தான் ரன்வே, மூணு திசைல மரக்கம்பு நட்டு வெச்சிருப்பாங்க, கடல் ஏறுனா மூணும் தண்ணிக்குள்ள. 1936லருந்து இப்படித்தான் ஓடுது. டைம்டேபிளே கடலப் பாத்துதான் போடுவாங்க. ஃபிளைட் இல்லாத நேரம் அதே மணல்ல ஜனங்க கிளிஞ்சல் பொறுக்குவாங்க, ஏர்போர்ட் கம்பத்துல காத்துத் திசை காட்டுற துணிப் பை பறந்துச்சுன்னா ஜனங்க பீச்சுல எறங்கக் கூடாதுன்னு அர்த்தம்.

சோ அம்மாவும் பெரிய பையனும் ஃபிளைட்ல, நாங்க ரெண்டு காரும் சாமானும் பிள்ளைங்களும் கப்பல்ல. அம்மாவுக்கு அஞ்சு மணி நேரம் ஆட்டம் மிச்சம், பையன் ஸ்கூல்ல போய் சொல்லிக்க ஒரு விஷயம். பனி மூட்டமோ காத்தோ இருந்தா ஃபிளைட்டும் ரத்தாகும், அது இல்லன்னு சொல்லல. ஆனா பெரும்பாலும் ரெண்டுல ஒண்ணாவது ஓடும்.

மூணாவது வழியும் இருக்குங்கறதுதான் பாராவோட பெரிய பலம். ஓபன் கப்பல் ரத்தாச்சுன்னு வெச்சுக்கோங்க, தீவோட வடக்கு முனைல ஆர்ட்வோர்லருந்து எரிஸ்கேக்கு நாப்பது நிமிஷ ஃபெர்ரி, எரிஸ்கேலருந்து கடலுக்கு நடுவுல போட்ட கல்பாதை மேலயே தெக்கு யூஸ்ட், வடக்கு யூஸ்ட்னு கார்லயே போயிடலாம், லாக்மாடில கப்பல் பிடிச்சா ஸ்கை தீவு, அங்கருந்து பாலம், கிளாஸ்கோ வரைக்கும் ரோடு. ஒரு நாள் முழுக்க ஓடும், இருந்தாலும் வழி இருக்கு. எரிஸ்கேக்குப் பக்கத்துலதான் 1941ல விஸ்கி ஏத்திட்டுப் போன கப்பல் தட்டி நின்னுது, ஊர்க்காரங்க பாட்டில அள்ளுன கத இன்னும் ஓடிட்டு இருக்கு.

தீவு சுத்துற ரோடு பன்னெண்டு மைல்தான், ஒத்தையடி ரோடு, எதிர்ல கார் வந்தா பாஸிங் ப்ளேஸ்ல ஒதுங்கி கைய ஒசத்தணும், ஒசத்தலன்னா வெளியூர்க்காரன்னு தெரிஞ்சுடும். காசில்பேல கோஆப் கடை இருக்கு, சின்ன ஆஸ்பத்திரி இருக்கு, கடலுக்கு நடுவுல பாறை மேல கிசிமுல் கோட்டை. பாரா கத்தோலிக்கத் தீவுங்கறதால ஞாயிறு கட்டுப்பாடும் கெடையாது, ஹெவல் மலை மேல மாதா சிலை கூட உண்டு. காசில்பேல ஸ்காலப் பக்கோடாவுக்குப் பேர் போன ஒரு கஃபே இருக்குன்னு கேள்விப்பட்டப்ப நம்பவே இல்ல, அட்லாண்டிக் ஓரத்துல பக்கோடா! அம்மாவுக்கு ஆகாது, எங்களுக்கு ஆகும். தெக்கால வாட்டர்ஸேங்கற தீவு 1991லருந்து கல்பாதைல சேந்துடுச்சு, அங்க ரெண்டு பக்கமும் பீச்சு, நடுவுல கழுத்து மாதிரி ஒரு மணல் திட்டு, காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அடுத்த பக்கம் போய் உக்காந்துக்கலாம்.

குறைன்னு பாத்தா, காசில்பே பக்கம் வீடு எடுத்தா தீவுல இருக்குற மாதிரியே இருக்காது, கப்பல் வர்ற சத்தம், வண்டி சத்தம்னு ஒரு சின்ன டவுன்தான். தள்ளி எடுங்க. கார் இல்லாதவங்க மட்டும் காசில்பேல எடுக்கலாம். ஆயிரத்துச்சொச்சம் பேர் இருக்குற தீவு, எக், காலன்ஸே அளவுக்கு தனிமை கெடைக்காது. எனக்கு அந்தத் தனிமை வேணும்தான், எட்டு பேரோட போனா எப்படியும் கெடைக்காதுங்கறது வேற விஷயம்.

எந்தத் தீவா இருந்தாலும் சமையல் விஷயம் ஒரே மாதிரிதான். பருப்பு, புளி, நல்லெண்ணெய், கறிவேப்பிலை எல்லாம் கிளாஸ்கோ ஆல்பர்ட் டிரைவ் கடைங்கள்லயே வாங்கிட்டுப் போயிடணும், தீவுக் கடைல உருளைக்கெழங்கு, கேரட், பால், முட்டை கெடைக்கும், கப்பல் ரெண்டு நாள் வரலன்னா அதுவும் அலமாரில குறைஞ்சுடும். இட்லி மாவு குளுருல புளிக்காதுன்னு கவலைப்படுறவங்க, வீட்ல சுடுதண்ணி டேங்க் வெச்சிருக்குற அலமாரி இருக்கான்னு பாருங்க, துணி காய வெக்கத்தான் அது, மாவுப் பாத்திரத்த உள்ள வெச்சா காலைல பொங்கி நிக்கும். தாளிப்புக்கு முன்னாடி சமையக்கட்டுக் கதவ சாத்தி ஜன்னலத் தொறங்க. 2022 பிப்ரவரிலருந்து ஸ்காட்லாந்துல எல்லா வீட்லயும் அலாரம் ஒண்ணோட ஒண்ணு கோத்திருக்கணும்னு சட்டம். சமையக்கட்டுல இருக்குறது சூட்டுக்குதான் அடிக்கும், ஆனா மிளகா நெடி ஹாலுக்குப் போச்சுன்னா அங்க இருக்குற புகை அலாரம் அடிச்சு, அதக் கேட்டு மாடி, படுக்கை ரூம்னு வீடே அலறும். மஞ்சத்தூள் வெள்ள மேடைல பட்டா உடனே தொடைங்க, எண்ணெய சிங்க்ல ஊத்தாதீங்க, நெறைய வீட்டுக்கு செப்டிக் டேங்க்தான். குழாத் தண்ணி லேசா டீ கலர்ல வந்தா பயப்படாதீங்க, மக்கிப் போன செடிங்க சேந்த பீட் மண்ணோட கலர் அது, ஓனர் ஃபில்டர் போட்டிருக்காரான்னு மட்டும் கேட்டுக்கோங்க.

ஆள் கணக்கு ரொம்ப முக்கியம். நம்ம ஆளுங்க ஆறு பேருக்கான வீட்ல எட்டு பேரு படுத்துக்கலாம், பாய் விரிச்சா போச்சுன்னு சொல்லுவாங்க, ஸ்காட்லாந்துல அது ஆகாது. குறுகிய கால வாடகைக்கு இப்ப லைசன்ஸ் கட்டாயம், ஏற்கெனவே விட்டுட்டு இருந்தவங்க கூட 2023 அக்டோபர் 1க்குள்ள அப்ளை பண்ணியாகணும்னு வந்துச்சு, அந்த லைசன்ஸ்லயே அதிகபட்சம் எத்தன பேருன்னு இருக்கும், விளம்பரத்துல லைசன்ஸ் நம்பர போடணும். லைசன்ஸ் நம்பர் இல்லாத வீட்டுக்கு அட்வான்ஸ் அனுப்பாதீங்க. கைக்குழந்தைய கணக்குல சேப்பாங்களான்னு ஓனர்கிட்ட கேட்டுடுங்க. எட்டு பேருக்கு வீடு தீவுல கம்மிதான், நாங்க பக்கத்துப் பக்கத்துல ரெண்டு சின்ன வீடாதான் தேடுறோம், பாராவுல அதுக்கு வாய்ப்பு மத்த ரெண்ட விட அதிகம்.

எப்ப போறதுன்னா, பிள்ளைங்க இல்லாதவங்க மே மாசம் போங்க, மழை கம்மி, மிட்ஜ் தொல்லையும் பெருசா ஆரம்பிச்சிருக்காது. மிட்ஜ்னா கண்ணுக்குத் தெரியாத கொசு மாதிரி ஒண்ணு, கூட்டமா வந்து மொய்க்கும், காத்து கொஞ்சம் பலமா அடிச்சா பறக்க முடியாது. அதனால மரம் கம்மியா காத்து அதிகமா இருக்குற பாராவுல தொல்லை கம்மி, எக்லயும் காலன்ஸேலயும் மரத்தடி வீடுன்னா சாயங்காலம் வெளிய உக்காருற ஆசைய விட்டுடுங்க. பிள்ளைங்க இருக்குறவங்களுக்கு ஜூலை முதல் ரெண்டு வாரம். ஸ்காட்லாந்து ஸ்கூல் ஜூன் கடைசில மூடிடும், இங்கிலாந்து ஸ்கூல் ஜூலை கடைசிலதான் மூடும், அந்த இடைவெளில கூட்டம் கொஞ்சம் கம்மி. ராத்திரி பத்தரை வரைக்கும் வெளிச்சம் இருக்கும், ஜன்னலுக்கு கெட்டி திரை இருக்கான்னு கேளுங்க, இல்லன்னா பிள்ளைங்க தூங்காது. பாராவுலயும் காலன்ஸேலயும் கார்ன்கிரேக்னு ஒரு பறவை ராத்திரி முழுக்க சீப்ப நெகத்தால கீறுற மாதிரி கத்தும், பறவை பாக்குறவங்களுக்கு வரம், தூக்கம் கலையிறவங்களுக்கு சாபம்.

கார் டிக்கெட் விலை பயமுறுத்தாது, ரோட்ல அதே தூரம் ஓட்டுனா ஆகுற செலவுக்கு ஈடா கட்டணம் வெக்கிற முறைய 2008ல சோதனையா ஆரம்பிச்சு இப்ப கால்மாக் போற எல்லாத் தீவுக்கும் கொண்டு வந்துட்டாங்க. அதனாலயே கேம்பர் வேன் கூட்டம் ஏறி, கோடைல கார் எடம் சீக்கிரம் தீந்துடுது. வீட்டுக்காரர்கிட்ட ரெண்டு நாள் பிடிச்சு வெக்கச் சொல்லி, கப்பல்ல கார் எடம் உறுதி ஆனதும் அட்வான்ஸ் கட்டுங்க. தலைகீழா பண்ணா வீடு இருக்கும், போக வழி இருக்காது.

ஆக எங்களுக்கு பாராதான், காசில்பேலருந்து தள்ளி மேற்குப் பக்கம், ஜூலை முதல் வாரம். புருஷன் பொண்டாட்டி மட்டும், முதுகுப் பையோட ரயில்ல வர்றதுன்னா எக். கார் இருக்கு, வயசானவங்க யாரும் கூட இல்ல, தொந்தரவே வேணாம்னா காலன்ஸே. இன்னும் ஒரு வேலை பாக்கி, அம்மா இந்தியா திரும்புற டிக்கெட். கப்பல் ரத்தாச்சுன்னா வீட்டு ஓனர் பொறுப்பில்ல, ஏர்லைன் பொறுப்பில்ல, இன்சூரன்ஸ்ல அது வருதான்னு படிச்சுப் பாக்கணும். தீவுலருந்து கெளம்புற சனிக்கெழமைக்கும் அந்த ஃபிளைட்டுக்கும் நடுவுல கொறஞ்சது மூணு நாள் விட்டுதான் டிக்கெட் போடப் போறோம்.